திரை பச்சை காட்டியது, கை குளிர்ந்திருந்தது: அவசரப் பிரிவு அனுபவங்கள்

தாதிய உத்தியோகத்தர், வலிகாமம்

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரிக்கும் வேலை தாளிலிருந்து டெப்புக்கு (கைக்கணினிக்கு) மாறிய பிறகு கண்டவற்றை எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களும் எழுத வேண்டும்.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வறையில் இந்தப் பேச்சு எழுந்தால் குறைகள் மட்டுமே வருகின்றன, அது நியாயமில்லை. மூச்சு வீதம், ஒட்சிசன் அளவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் வெப்பம், நினைவு நிலை ஆகியவற்றை இட்டால் திரை புள்ளிகளைக் கூட்டி நிறம் காட்டும். அடிப்படை, லண்டன் ரோயல் கொலேஜ் ஒஃப் பிசிசியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய நியூஸ் (NEWS) அளவுகோல், நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் புள்ளிக்கணக்கு. 5 புள்ளி வந்தால் வைத்தியர் விரைந்து பார்க்க வேண்டும். 7 என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இதனால் வந்த பெரிய மாற்றம் மூச்சு எண்ணுவது. தாளில் எழுதிய காலத்தில் எந்தக் கட்டிலின் பதிவைப் பார்த்தாலும் 18 அல்லது 20 என்றே இருக்கும். இப்போது திரையில் 60 விநாடி ஓடி முடியாமல் அடுத்த பெட்டி திறக்காது. நெஞ்சு ஏறி இறங்குவதை நின்று பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் நோயாளியின் முகம், உதடு, விரல்கள் எல்லாம் கண்ணில் பட்டுவிடுகின்றன. நெரிசலான மாலை வேளையில் அந்த நிமிடத்தை எங்களுக்கு வேறு யாரும் தந்ததில்லை.

ஆனால் மாரி காலத்து டெங்கை இந்தப் புள்ளிக்கணக்கு அறியாது. குருநகர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் காய்ச்சல் தொடங்கிய ஐந்தாம் நாள் நடந்தே வந்தார். காய்ச்சல் விட்டுவிட்டது, களைப்பு மட்டும்தான் என்றார். வெப்பம் 36.8, நாடி 96, ஒட்சிசன் 98, மூச்சு 20, இரத்த அழுத்தம் 104/88. மொத்தப் புள்ளி 2, நிறம் பச்சை. முதல்நாள் 39.2 பாகைக் காய்ச்சலோடு வந்திருந்தால் திரை இதைவிடக் கூடிய புள்ளி காட்டியிருக்கும். டெங்கில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியும்போது மேல் அழுத்தம் சில நேரம் தாக்குப்பிடிக்கும், கீழ் அழுத்தம் ஏறும், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கும். 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது அதிர்ச்சி நிலை (ஷொக்), உடலுக்குப் போதிய இரத்தம் போகாத நிலை. அவருக்கு 16. நியூஸ் கணக்கு மேல் அழுத்தத்தை மட்டுமே எடுக்கிறது.

கையைப் பிடித்தேன், குளிர்ந்திருந்தது. நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்ப நேரம் எடுத்தது. 'தரம் உயர்த்து' என்ற பொத்தானை அழுத்திச் சிவப்புக்கு மாற்றினேன். அது காரணம் கேட்கும். 'அழுத்த வித்தியாசம் 16, கை குளிர்' என்று பதிந்தேன். வைத்தியர் வந்து உடனே சேலைன் தொடங்கினார். சில நாட்களில் அந்தத் தம்பி வீடு திரும்பினார்.

அந்தப் பொத்தான் இல்லாத மென்பொருளை எந்த வைத்தியசாலைக்கும் கொடுக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

தாதிய உத்தியோகத்தர், வடமராட்சி

அக்கா, நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எங்களிடம் நடந்தது பாம்புக்கடி, ஆனால் பாம்புக்கடி என்று யாரும் சொல்லி வரவில்லை.

விடிவதற்கு முன் ஓர் அம்மாவை மகன் ஓட்டோவில் கொண்டுவந்தார். வயிற்று வலி, ஒருமுறை சத்தி. பின்னேரம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். எல்லா எண்களும் சீர், புள்ளி 0. "அம்மா, இரவு எங்கே படுத்தீர்கள்?" என்று கேட்டேன். வெக்கைக்கு நிலத்தில் பாய் விரித்துப் படுத்ததாகச் சொன்னார். பேசும்போதே இமைகள் பாரமாகின. தூக்கக் கலக்கம் என்றார் மகன். மேலே பார்க்கச் சொன்னேன், இமை உயரவில்லை.

எட்டடி விரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி மிகக் குறைவு, பல் பதிந்த தடமும் பல வேளை தெரியாது. முதலில் வயிற்று வலி, பிறகு இமை விழும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். மூச்சு விழும் வரை நியூஸ் புள்ளி ஏறாது. ஏறும்போது கையில் செயற்கைச் சுவாசக் குழாயோடு நிற்க வேண்டியிருக்கும். அந்த அம்மாவுக்கு விஷ எதிர்ப்பு மருந்து கொடுத்தும் சில நாட்கள் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது. சரியான நேரத்தில் கட்டிலில் இருந்தார் என்பதால் தப்பினார்.

இதன் பிறகு எங்கள் பொறுப்புத் தாதி விடாமல் கேட்டு, திரையில் ஒரு கேள்வியைச் சேர்க்கவைத்தார். இரவிலோ விடியலிலோ வயிற்று வலியுடன் வருபவருக்கு 'நிலத்தில் படுத்தாரா?' என்று கேட்கும். ஆம் என்றால் நிறம் தானாக மாறும். வயலும் தோட்டமும் சூழ்ந்த ஊர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வேண்டும். எலிக்காய்ச்சலுக்கும் இப்படியே வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். 2024 டிசம்பரில் எங்கள் பகுதியில் அது எத்தனை வீடுகளைக் கலங்கடித்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை. காய்ச்சலோடு வருபவரிடம் அண்மையில் வயலில் இறங்கினாரா என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். டெப்பில் அடித்த அத்தனையையும் மறுபடி தாளிலும் எழுதச் சொல்கிறார்கள். இரவுக் கடமையில் இருவர் மட்டும் நிற்கும்போது இந்த இரட்டைப் பதிவு நோயாளியிடமிருந்து எடுத்த நேரம். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து மேலிடத்தில் சொல்லுங்கள்.

நோயாளியின் மகள், வேலணை

நான் தாதி இல்லை, எழுதலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு நீரிழிவு. ஒரு நாள் வியர்த்து, மேல்வயிறு எரிகிறது என்றார். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் கொண்டுவந்தோம். (2018இல் அந்தச் சேவை வடக்குக்கு வரும் முன் தீவுப் பகுதியிலிருந்து இரவில் நோயாளியைக் கொண்டுவருவது என்ன பாடு என்பது எங்களுக்குத்தான் தெரியும்.)

முதலில் மஞ்சள் நிறம் கொடுத்தார்கள். எங்களுக்குப் பின் வந்த ஒரு பிள்ளையை முன்னே கொண்டுபோனபோது எனக்குக் கோபம் வந்தது. அங்கிருந்த தாதி மிஸ் என்னிடம் வந்து திரையைக் காட்டி, பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது, அம்மாவை மறக்கவில்லை, நேரம் வந்ததும் இது ஒலிக்கும் என்றார். ஆனால் ஒலிக்கும் வரை அவர் காத்திருக்கவில்லை. நீரிழிவு என்று கேட்டதுமே ஈ.சி.ஜி எடுக்கச் சொன்னார். மாரடைப்பு. நெஞ்சு வலி என்று அம்மா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அந்த மிஸ் நன்றாக இருக்க வேண்டும்.

தாதிய உத்தியோகத்தர், வலிகாமம்

தங்கைக்கு நன்றி. நீண்ட கால நீரிழிவில் நரம்புகள் பாதிக்கப்படுவதால் மாரடைப்பு வலியில்லாமல் வரலாம். சந்தேகம் வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி எடுக்க வேண்டும் என்பதே விதி, உங்கள் அம்மாவுக்கு அது சரியாக நடந்திருக்கிறது.

வடமராட்சித் தங்கையின் கேள்வியை எங்கள் பிரிவிலும் சேர்க்கச் சொல்லப் போகிறேன். கூடவே இரண்டு. அற்றினோலோல் போன்ற, நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு உள்ளே இரத்தம் கசிந்தாலும் நாடி ஏறாது, ஆகவே கிளினிக் கொப்பியைப் பார்த்து மருந்தைப் பதியும் பெட்டி நாடிப் பெட்டிக்கு முன்னால் வர வேண்டும். விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் கறுத்த தோலில் ஒட்சிசன் அளவை உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். 93, 94 என்று வந்தால் எங்கள் மக்களுக்கு அதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை திரையில் வர வேண்டும்.

அழுத்த வித்தியாசத்தைத் தானாகக் கழித்துக் காட்டும் பெட்டி வந்துவிட்டது. 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் சிவப்பாகிறது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நியூஸ் புள்ளி பொருந்தாது, அவர்களுக்குத் தனித் திரை இன்னும் வரவில்லை. அதுவரை 16 வயதுக்குக் குறைந்தவர்களைத் தாளில்தான் தரம் பிரிக்கிறோம். வேறு வைத்தியசாலைகளில் பிள்ளைகளுக்கான திரை இருந்தால், எந்தக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.