காலையில் படுத்திருக்கும் கார்: காற்றுச் சஸ்பென்ஷனோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

டோர்ட்முண்டிலிருந்து

இரண்டு மாதமாக ஒரு மெர்சிடிஸ் 300 எஸ்இஎல் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. 1967ஆம் ஆண்டு வண்டி, மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். நான் வேலை செய்யும் சிறிய கராஜுக்கு ஒரு முதியவர் கொண்டுவந்தார். அவருடைய தகப்பனார் வாங்கிய கார்.

வண்டியின் எடையைச் சக்கரங்களின் மேல் தாங்கி நிறுத்தும் அமைப்புதான் சஸ்பென்ஷன். மற்ற கார்களைப்போல இதில் அதற்குச் சுருள்வில் கிடையாது. நான்கு சக்கரங்களுக்கும் ரப்பர் காற்றுப்பைகள்தான். எஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர் காற்றைத் தொட்டியில் அடைக்கும். அங்கிருந்து மூன்று மட்ட வால்வுகளுக்குக் காற்று போகும். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரு சக்கரங்களுக்கும் பொதுவாக ஒன்று. பின்னிருக்கையில் மூன்று பேர் ஏறி வண்டி தாழ்ந்தால் வால்வின் நெம்புகோல் அசையும், காற்று உள்ளே போகும், வண்டி பழைய உயரத்துக்கு வந்துவிடும். கணினி, சென்சார் எதுவும் இல்லை. பாதை மோசமென்றால் டாஷ்போர்டின் கீழே உள்ள குமிழை இழுத்து வண்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம். 1960களிலேயே இப்படி ஒன்றைத் தொழிற்சாலையிலிருந்தே கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்புதான்.

முதியவரின் புகார் இதுதான்: காலையில் பார்த்தால் வலது முன்பக்கம் தரையோடு படுத்திருக்கிறது. எஞ்சினை இயக்கிவிட்டு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் காத்திருந்தால் ஒட்டகம் எழுவதுபோல மெல்ல எழுகிறது. வேறொரு கராஜில் முன்பக்கக் காற்றுப்பைகள் இரண்டையும் மாற்றிப் பெரிய தொகை வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் காலையிலும் படுத்தேதான் இருந்ததாம்.

யாழ்ப்பாணத்தில் போர் நடந்தபோது, எரிபொருள் தடைக்காலத்தில் கார்பரேட்டரில் நாலு சொட்டு பெட்ரோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஆஸ்டின் ஏ40 ஓட்டிய கை இது. ஒரு ரப்பர் வளையம் நம்மை என்ன செய்துவிடும் என்ற திமிரோடுதான் தொடங்கினேன்.

சோப்பு நீரைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். வலது வால்வில் குமிழி வந்தது. கழற்றி வெள்ளைத் துணியில் பரப்பிப் பார்த்தால், உள்ளே ரப்பர் கோடைக்குளத்து மண்போல வெடித்திருந்தது. புது ரப்பர்கள் போட்டேன். ஐந்து நாள் வண்டி நிமிர்ந்து நின்றது. ஆறாம் நாள் இடது முன்பக்கம் படுத்துவிட்டது! அதையும் பிரித்தேன். அடுத்த வாரம் பின்பக்கம். பின்னால் ஒரே வால்வு என்பதால் இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கும். குற்றவாளி வால்வா, வலது பையா, இடது பையா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதிலேயே மூன்று நாள் போயிற்று.

பிறகுதான், வெட்கத்தோடு சொல்கிறேன், காற்றுத் தொட்டியின் அடித் திருகைத் திறந்தேன். தேநீர் நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டியது. காற்றில் உள்ள ஈரம் உறையாமல் இருக்க, ஆல்கஹால் ஊற்றி வைக்கும் சிறு கலம் ஒன்று இந்தக் காரில் உண்டு. காற்று அந்த ஆவியையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அந்தக் கலம் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. தொட்டியில் தேங்கிய நீர் துருவாகி, அந்தத் துகள்கள்தான் வால்வு வால்வாகப் போய் உட்கார்ந்திருக்கின்றன. நான் புதிதாகப் போட்ட ரப்பர்களிலும் துரு ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன்.

ஆகவே இந்த வண்டியில் கை வைப்பவர்கள் படுத்திருக்கும் சக்கரத்தில் தொடங்காதீர்கள். காற்று புறப்படும் இடத்திலிருந்து தொடங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

டொராண்டோவிலிருந்து

அண்ணா, உங்கள் கதையை வாசித்தபோது எனக்கு ஓர் ஆறுதல். நம்மைப்போல் இன்னொருவரும் இருக்கிறார் என்று.

என்னுடையது லிங்கன் மார்க் 7, 1988. மின்சாரக் கம்ப்ரசர், உயரம் அளக்கும் சென்சார்கள், ஒவ்வொரு காற்றுப்பைக்கும் ஒரு மின் வால்வு. கம்ப்ரசர் எரிந்துபோனது, புதிது வாங்கினேன். அதுவும் எரிந்தது. தரமற்ற பொருளை விற்றுவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக, "எங்கோ காற்று கசிகிறது, அதை ஈடுகட்ட இது ஓயாமல் ஓடிச் சாகிறது" என்றார். மனிதர் சொன்னது சரி. பின்பக்கப் பையில், ரப்பர் மடியும் இடத்தில் ஒரு வெடிப்பு. வண்டி நிற்கும்போது மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். உடலைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால்தான் கண்ணுக்குத் தெரியும்.

தூக்குவதற்கு முன் டிக்கியில் உள்ள சஸ்பென்ஷன் சுவிட்சை அணைக்க வேண்டும். நான் ஒருமுறை மறந்தேன். வண்டி மிக உயரத்தில் நிற்பதாக அது எண்ணிக்கொண்டு பையிலிருந்த காற்றை வெளியேற்றிவிட்டது. இறக்கியபோது பை கோணலாக மடிந்து, நல்லதாக இருந்த ஒன்றும் போயிற்று.

இங்கே பலர் காற்றை எடுத்துவிட்டுச் சுருள்வில் போட்டுவிடுகிறார்கள். 1957, 58 காடிலாக் எல்டொராடோ பிரோம், மொத்தமே 704 கார்கள், அவற்றிலும் பலவற்றுக்கு அந்தக் கதிதான். முதியவரிடம் நீங்களும் அதைச் சொல்லிப் பார்க்கலாமே? செலவும் குறையும்.

பாரிஸ் பக்கம், லா கூர்நெவிலிருந்து

என் காரைத் தாங்குவது காற்று அல்ல, அழுத்தத்தில் உள்ள எண்ணெயும் நைட்ரஜன் வாயுவும். சிட்ரோயன் டிஎஸ், 1965. எங்கள் கார் இரவில் படுத்தால் நோயல்ல, அதன் பிறவிக் குணம். காலையில் எழாவிட்டால்தான் வைத்தியம் தேட வேண்டும்.

1960களின் நடுப்பகுதி வரை வந்த டிஎஸ் கார்களுக்குச் சிவப்பு எண்ணெய், அதன் பிறகு வந்தவற்றுக்குப் பச்சை எண்ணெய். உறுப்புகளின் வண்ணமே சொல்லிவிடும்: கறுப்பு என்றால் பழையது, பச்சை என்றால் புதியது. இது தெரியாமல் ஒரு நண்பர் உதவி செய்வதாக நினைத்து என் காரில் பச்சையை ஊற்றிவிட்டார். இந்த இரண்டின் ரப்பர்களும் வேறுவேறு. ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றும் ஒரே எண்ணெயில் ஓடும் வண்டி என்பதால் மூன்றிலும் கசிவு. ஒரு குளிர்காலம் முழுவதும் பிரித்துக் கழுவினேன். அந்த நண்பரோடு இன்னும் பேசுகிறேன், என் காரின் பக்கம் மட்டும் விடுவதில்லை.

டோர்ட்முண்டிலிருந்து, மறுபடியும்

டொராண்டோத் தம்பிக்கு: சுருள்வில் யோசனையை முதியவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் என் அப்பா டபிள்யூ 108 வாங்கியிருப்பாரே" என்றார். ஏறக்குறைய இதே உடலைச் சுருள்வில்லோடும் அதே நிறுவனம் விற்றது, அந்த வரிசைக்கு நிறுவனம் வைத்த குறியீடுதான் டபிள்யூ 108. காற்றுக்காகத்தான் அவர் கூடுதல் விலை கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

பையில் காற்று இருக்கிறது என்று நம்பி ஒருவரும் இந்தக் கார்களுக்கு அடியில் தலையைக் கொடுக்க வேண்டாம். தாங்கிகள் வைத்த பிறகே படுங்கள். ஒரு குழாயைத் தளர்த்தினால் இறங்குவதற்கு அது உங்களிடம் அனுமதி கேட்காது.

இப்போதைய நிலவரம்: தொட்டியைக் கழுவி உலர்த்தியாயிற்று, மூன்று வால்வுகளும் புது ரப்பரோடு, கலத்தில் ஆல்கஹால். வண்டி பதினொரு நாளாக அசையாமல் நிற்கிறது. இடது முன்பக்கம் மட்டும் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கிறது. முதியவர் இது போதும் என்று பணத்தை நீட்டுகிறார். நான் திங்கட்கிழமை வரை தவணை கேட்டிருக்கிறேன்.