ஊமைச் சங்கு

குழு: ரங்கூன் சொந்தங்கள்

கதிர்: பொங்கல் விழா நாடகத்துக்குக் கதை கிடைத்துவிட்டது. 1608இல் போர்த்துக்கீசியன் பிரிட்டோ புத்தர் கோயிலான ஷ்வேடகோன் பகோடாவிலிருந்து கொண்டுபோகும்போது ஆற்றில் மூழ்கிய தம்மசேதி மணி கரையேறுகிறது. அடித்தால் சத்தம் கேட்காது. ஆனால் பக்கத்தில் நிற்பவன் மூக்கில் ரத்தம்!

அத்தை: பகோடா மணியில் சாபம் என்று மேடையேறிச் சொல்வாயா? முன்வரிசையில் எதிர்வீட்டுப் பர்மாக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

பெரியப்பா: தங்கச்சி சொல்வது சரி. சங்கு வைத்துக்கொள்.

அத்தை: அண்ணா, சாமிச் சங்குக்குமா சாபம்!

பெரியப்பா: மில் சங்கு அம்மா. ஆற்றங்கரை அரிசி மில்களில் உமியை எரித்து, நீராவியில் ஊதுவார்கள். அப்பா அதைக் கேட்டுத்தான் வேலைக்கு ஓடுவார். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் நம் ஆட்கள் இந்தியாவுக்கு நடந்தே கிளம்பினார்கள். காட்டு வழியில் செத்தவர்களுக்குச் சங்கு ஊத யார் இருந்தார்கள்? ஆளில்லாத மில்லில் அந்தச் சங்கு ஊதட்டும். ஓசை மட்டும் வராது.

கதிர்: பெரியப்பா!! இதுதான் கதை.

பக்கத்து வீட்டு அக்கா: எங்களுக்குக் கரண்ட் போய்விட்டது. உங்களுக்கு?

அத்தை: இங்கேயும்.

மாமா: மச்சான் கதைக்குக் கணக்கும் ஒத்துவருகிறது. 20 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 20 அதிர்வுக்குக் கீழே போனால் நம் காதுக்கு எட்டாது. 17 ஹெர்ட்ஸ் என்றால் ஓர் அலையே 20 மீட்டர் நீளம், கைச்சங்கில் வராது. ஒருபக்கம் அடைத்த 5 மீட்டர் குழாயில் வரும். ஆனால் மாப்பிள்ளை, மூக்கு ரத்தத்தை எடுத்துவிடு. இங்கிலாந்தில் விக் டேண்டி என்ற பொறியாளருக்கு ஆய்வகத்தில் உடம்பு வியர்த்து, ஓரக்கண்ணில் சாம்பல் நிறத்தில் உருவம் தெரிந்திருக்கிறது. பிடிப்பானில் மாட்டிய வாள்வீச்சு வாள் தானாக அதிர்வதைப் பார்த்துத்தான் காரணம் பிடித்தார்: புதிய மின்விசிறி எழுப்பிய, சுமார் 19 ஹெர்ட்ஸ் கேட்காத ஒலி. 1998இல் கட்டுரையாக எழுதினார். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று நிரூபணமில்லை. நாடகத்துக்கு அது போதும்.

கதிர்: கேட்காத சத்தத்தை மேடையில் எப்படிக் காட்டுவது? சொம்புத் தண்ணீர் நடுங்கினால் கடைசி வரிசைக்குத் தெரியாதே.

அத்தை: முறத்தில் அரிசி வை. நாடகத்தில் ஒரு பெண் அதைப் புடைக்காமல் சும்மா பிடித்திருக்கும்போதே அரிசி துள்ள வேண்டும்.

பெரியப்பா: அடேயப்பா!

மாமா: அடியில் நூல் கட்டித் திரைக்குப் பின்னாலிருந்து நான் சுண்டுகிறேன்.

அத்தை: ஒத்திகைக்கு நல்ல அரிசி தரமாட்டேன். புழுத்ததுதான். சிந்தினால் கதிர் பெருக்க வேண்டும்.