ஏஞ்சல்ஸ்: கலைத்துப் போட்டுக் கட்டுவதா, இருப்பதை வைத்து முட்டுவதா?

ஒன்பதாவது_இன்னிங்ஸ்

நம் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணியில் டெய்லர் வார்டை பால்டிமோர் அணிக்குக் கொடுத்துவிட்டு கிரேசன் ரோட்ரிகஸை வாங்கியிருக்கிறார்கள். இந்த 2025 சீசனில் 36 ஹோம் ரன் அடித்த ஆள் போய், 2024 ஜூலைக்குப் பிறகு பெரிய லீக்கில் ஒரு பந்துகூட வீசாத பிட்சர் வருகிறார். இதில் எனக்கு வருத்தமே இல்லை. வார்டு இன்னும் ஒரு வருஷம்தான் நம்மிடம் இருந்திருப்பார். ரோட்ரிகஸ் நாலு வருஷம் இருப்பார். கை தேறினால் கொள்ளை லாபம்.

என் வருத்தமெல்லாம், இதை ஒற்றை வியாபாரமாகச் செய்து நிறுத்திவிடுவார்களே என்றுதான். அடெல், கிகுச்சி, சோரியானோ மூன்று பேருக்கும் இன்றைக்கு விலை இருக்கிறது. விற்றுவிடுங்கள். நெட்டோவைத் தவிர யாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். மூன்று நாலு வருஷம் நூறு நூறு தோல்வி வந்தாலும் பார்த்துக்கொண்டிருப்போம். 2014-க்குப் பிறகு பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் பட்டத்துக்கு நடக்கும் சுற்றுகள்) இல்லை. 2016 முதல் தொடர்ந்து பத்து சீசன், வெற்றியைவிடத் தோல்வி அதிகம். அதில் ஆறு சீசன் ட்ரவுட், ஓத்தானி என்ற இரண்டு சூப்பர் ஸ்டார்களும் ஒரே டக்அவுட்டில் உட்கார்ந்திருந்தார்கள்! அவர்களை வைத்தே முடியாததை, 72 வெற்றி, 90 தோல்வி என்று முடித்த இந்த அணியை வைத்து முடிக்கப் போகிறோமா?

ஆரஞ்சுக்கவுண்டி_அண்ணாச்சி

தம்பி, வீட்டை இடிக்க ஒரு நாள் போதும். கட்டுறதுக்கு யாருகிட்ட கொடுக்கப் போறீய? இதே மேஸ்திரிகிட்டதானே?

மூணு நாலு வருஷம் நூறு நூறு தோல்வியைப் பாருங்கன்னு லேசா சொல்லிட்டீய. பார்க்கிங் காசும் ஹாட் டாக் விலையும் பாதியாகுமா? 2003-லேருந்து 2019 வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் முப்பது லட்சம் பேருக்கு மேல அந்த ஸ்டேடியத்துக்கு வந்திருக்கோம். இது சின்ன ஊர் டீம் இல்ல. வேணும்னே தோக்கப்போறோம்னு சொல்ல இவங்களுக்கு என்ன பஞ்சம்?

இப்ப பிளேஆஃபுக்கு 12 டீம் போகுது. 2023-ல அரிசோனா 84 வெற்றியோட நுழைஞ்சு உலகத் தொடர் ஃபைனலே ஆடிட்டு வந்துச்சு. 2024-ல டெட்ராய்ட்டும் கான்சஸ் சிட்டியும் 86 வெற்றியில உள்ள போயிட்டாங்க. நமக்கும் அந்த 86-க்கும் நடுவுல 14 ஆட்டம். ரெண்டு நல்ல பிட்சரு, உருப்படியான ஒரு புல்பென் (ஆட்டத்துக்கு நடுவுல இறங்குற பிட்சருங்க). அவ்வளவுதான்.

கிரிக்கெட்காரன்_87

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். இர்வைனுக்கு வந்து ஆறு மாசம் ஆகுது, இன்னும் கத்துக்கிட்டு இருக்கேன். வேணும்னே தோத்தா பரிசு கிடைக்குமா? இதை யாரும் சூதாட்டம்னு பிடிக்க மாட்டாங்களா?

ஒன்பதாவது_இன்னிங்ஸ்

@கிரிக்கெட்காரன்_87 மைதானத்தில் யாரும் வேண்டுமென்று தோற்பதில்லை. விலை போகிற ஆட்டக்காரர்களை நிர்வாகம் விற்றுவிடும், அனுபவமில்லாத பையன்களை இறக்கும், தோல்வி தானாக வரும். அதிகம் தோற்கிற அணிக்கு ட்ராஃப்டில், அதாவது கல்லூரி, பள்ளி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில், முதல் வரிசை. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011-ல் 106, 2012-ல் 107, 2013-ல் 111 தோல்வி. 2017-ல் சாம்பியன். சிகாகோ கப்ஸ் 2012-ல் 101 தோல்வி. 2016-ல் 108 வருஷ வறட்சி முடிந்தது. அந்த 2012-ல் ஹூஸ்டன் முதல் பிக்கில் (முதல் தேர்வில்) எடுத்த பையன் கார்லோஸ் கொரேயா. கப்ஸ் அடுத்த வருஷம் இரண்டாவது பிக்கில் எடுத்தவர் கிரிஸ் பிரையன்ட்.

கணக்குப்பிள்ளை

ஆஸ்ட்ரோஸும் கப்ஸும் பழைய சட்டத்தில் ஆடியவர்கள். 2023 ட்ராஃப்ட் முதல் லாட்டரி, அதாவது முதல் பிக்குகளுக்குக் குலுக்கல், வந்துவிட்டது. கடைசி மூன்று அணிகளுக்கும் முதல் பிக் விழ ஒரே அளவு வாய்ப்புதான், தலா 16.5 சதவீதம். 121 தோற்றாலும் 100 தோற்றாலும் அந்த மூன்றுக்குள் இருந்தால் ஒன்றே.

அதைவிட முக்கியம், வருவாய்ப் பகிர்வில் பணம் கட்டுகிற பெரிய ஊர் அணி அடுத்தடுத்து இரண்டு வருஷம் லாட்டரியில் வர முடியாது. ஏஞ்சல்ஸ் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. 2025-ல் இரண்டாவது பிக்கில் டைலர் பிரெம்னரை எடுத்தாயிற்று. ஆகவே 2026-ல் பத்தாவது இடத்துக்கு மேலே போகவே முடியாது. இந்த வருஷம் எவ்வளவு தோற்றார்கள் என்பதற்கு ட்ராஃப்ட் மேஜையில் மதிப்பில்லை. அடுத்த வருஷம் தோற்றால் 2027-ல் பலன் உண்டு, அதற்கடுத்த வருஷம் மறுபடி பூஜ்யம். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் கூலி கிடைக்கிற வேலை இது.

தென்சிகாகோ_திண்ணை

யாரோ 121-ன்னு சொன்ன மாதிரி காதில் விழுந்தது. கூப்பிட்டீங்களா?

வைட் சாக்ஸ் ரசிகன் நான். ரீபில்ட் (கலைச்சுப் போட்டுக் கட்டுறது) பத்தி என்கிட்ட பாடம் கேட்டுக்கோங்க, ஃபீஸ் வேண்டாம். 2016 டிசம்பர்ல கிரிஸ் சேலை பாஸ்டனுக்கு வித்தோம், மொன்காடாவும் கோபெக்கும் வந்தாங்க. மறுநாளே ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்கு வித்தோம், ஜியோலிட்டோ, லோபெஸ், டன்னிங் வந்தாங்க. அடுத்த ஜூலைல கின்டானாவை அடுத்த தெரு கப்ஸுக்கே வித்தோம், எலோய் ஹிமெனெஸும் டிலன் சீஸும் வந்தாங்க. பத்திரிகைக்காரனெல்லாம் பாடப்புத்தகத்தில் போடலாம்னு எழுதினான். 2018-ல சரியா நூறு தோல்வி. பொறுத்துக்கிட்டோம், ஏன்னா திட்டம் இருக்குன்னு சொன்னாங்க.

விளைவு? 2020-ல முதல் சுற்றிலேயே வெளியே. 2021-ல 93 வெற்றி, டிவிஷன் பட்டம், ஹூஸ்டன்கிட்ட 3-1. அவ்வளவுதான். அந்த ரீபில்ட் மொத்தமும் ஒரு பிளேஆஃப் தொடரைக்கூட ஜெயிச்சுக் கொடுக்கல. 2024-ல 41-121. நடுவுல 21 ஆட்டம் வரிசையா தோத்தோம். பையன் கேட்டான், "அப்பா, நம்ம டீம் இன்னிக்கு லீவா?"ன்னு.

இதுல உங்க ஊர் சம்பந்தமும் இருக்கு. அந்த ஜியோலிட்டோவையும் லோபெஸையும் 2023 ஜூலைல யாரு வாங்கினது, ஞாபகம் இருக்கா?

ஒன்பதாவது_இன்னிங்ஸ்

மறக்குமா. நான் ரீபில்ட் பக்கம் வந்ததே அந்த வாரத்தில்தான்.

புதியவருக்காகச் சொல்கிறேன். 2023 ஜூலை கடைசி. ஓத்தானியின் ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது. அன்றைக்கு அவரை விற்றிருந்தால் யாருடைய பண்ணையையும் (கீழ் லீக்கில் வளரும் பையன்களை) காலி செய்து வாங்கியிருக்கலாம். விற்கவில்லை. மாறாக ஜூலை 26-ல் நாம்தான் வாங்கினோம். கேட்சர் எட்கர் கேரோவையும் கை பிஷையும் கொடுத்து ஜியோலிட்டோ, லோபெஸ். விதைநெல்லைக் குத்தி ஒரு வேளைப் பொங்கல்.

மறுநாள் டெட்ராய்ட்டில் இரட்டை ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஓத்தானி ஒரே ஒரு ஹிட் கொடுத்து முழு ஆட்டத்தையும் தனியாக வீசி முடித்தார். இரண்டாவதில் இரண்டு ஹோம் ரன். நானும் ஏமாந்தேன், ஒப்புக்கொள்கிறேன். விற்காதது சரிதான் என்று இங்கேயே எழுதினேன். ஆகஸ்ட் பிறந்ததும் வரிசையாக ஏழு தோல்வி. 23-ஆம் தேதி அவருடைய முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாதக் கடைசியில், வாங்கிய ஜியோலிட்டோவையும் லோபெஸையும் சேர்த்து ஆறு பேரை வேவர்ஸில், அதாவது வேண்டிய அணி எடுத்துக்கொள்ளட்டும் என்று, சும்மா விட்டார்கள், சம்பளக் கணக்கு ஆடம்பர வரி வரம்புக்குக் கீழே வரவேண்டும் என்று. சீசன் 73-89.

டிசம்பரில் ஓத்தானி 30 மைல் தள்ளி டாட்ஜர்ஸுக்குப் போனார், 700 மில்லியன் டாலர் ஒப்பந்தம். 2024, 2025 இரண்டு வருஷமும் அங்கே பட்டம். நமக்கு ஈடாக வந்தது 74-வது பிக்.

ஆரஞ்சுக்கவுண்டி_அண்ணாச்சி

அது தப்புதான், நான் இல்லேன்னு சொல்லலியே. ஆனா அதைப் "போட்டி போட்டதால வந்த வினை"ன்னு எழுதாதீங்க. அரைக்கிணறு தாண்டினதால வந்த வினை அது. ஜூலையில வாங்குறவன் போன டிசம்பர்லயே வாங்கியிருக்கணும். ஓனர் மொரேனோ 2022 ஆகஸ்ட்ல டீமை விக்கப்போறேன்னாரு, 2023 ஜனவரில விக்கலேன்னாரு. ஒப்பந்தம் முடிஞ்ச ஆட்டக்காரங்களை வாங்குற ஃப்ரீ ஏஜென்ட் சந்தை அந்த அஞ்சு மாசத்துக்குள்ளதான் நடந்துச்சு.

ஓத்தானியை வித்திருந்தா பத்து வருஷத்துக்குச் சோறுங்கிறீய. வாஷிங்டனைப் பாருங்க. 2022-ல ஹுவான் சோட்டோவை சான் டியாகோவுக்குக் கொடுத்து ஏப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட்னு வாங்கினாங்க. மூணு பேரும் ஆல் ஸ்டார் ஆயாச்சு! அதைவிட நல்ல வியாபாரம் யாரும் பண்ண முடியாது. ஆனா 2025-ல 96 தோல்வி, ஜூலையில ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்), மேனேஜர் ரெண்டு பேரையும் ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

ராலி_மங்கி_ரசிகை

2002, நான் கல்லூரி முடித்து இங்கே வந்த வருஷம். உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், எதிரணி ஜயன்ட்ஸ் 5-0 முன்னிலை. ஸ்டேடியம் திரையில் நம் ராலி மங்கி குரங்கு குதித்தது. நம் ஸ்பீசியோ அடித்த மூன்று ரன் ஹோம் ரன் வேலியைத் தாண்டுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது தெரியுமா, எனக்கு இன்னும் அது பறந்துகொண்டேதான் இருக்கிறது. 6-5. மறுநாள் பட்டம்.

அதற்கு முந்தின வருஷம் அதே அணி 75-87. இப்போதைய 72-ஐவிட மூன்றே மூன்று அதிகம். அன்றைக்கு இந்த மாதிரி ஒரு திரி இருந்திருந்தால், ஆண்டர்சனை விற்கணும், எர்ஸ்டாடை விற்கணும் என்று நீங்கள்தான் முதல் ஆளாக எழுதியிருப்பீர்கள், @ஒன்பதாவது_இன்னிங்ஸ். 2001-ல் விற்றிருந்தால் 2002 ஏது?

கணக்குப்பிள்ளை

நல்ல உதாரணம், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். எர்ஸ்டாட் 1995 ட்ராஃப்டின் முதல் பிக். டிராய் கிளாஸ் 1997-ல் மூன்றாவது பிக். சால்மன், ஆண்டர்சன், பெர்சிவல் எல்லோரும் நம் பண்ணையில் விளைந்தவர்கள். ஏழாவது ஆட்டத்தை வென்ற லாக்கி அப்போது புதுமுகம். செப்டம்பரில் மேலே வந்த 20 வயது பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் அந்த பிளேஆஃபில் ஐந்து வெற்றி எடுத்தார். 75-87 என்ற எண்ணுக்கு அடியில் அத்தனையும் இருந்தது. சட்டியில் இருந்தது, அகப்பையில் வந்தது.

இன்றைய சட்டியில் என்ன இருக்கிறது? பூஹோல்ஸுக்கு 240, ஹாமில்டனுக்கு 125, ரெண்டனுக்கு 245 மில்லியன் கொடுத்த கை, பண்ணைக்கு அந்த அளவு திறக்கவில்லை. ரெண்டன் முதல் ஐந்து வருஷத்தில் ஆடியது 257 ஆட்டம், ஆறாவது வருஷம் ஒன்றுகூட இல்லை. நம் ஷனுவெல் 2023 ஜூலையில் ட்ராஃப்ட் ஆகி 40 நாளில் பெரிய லீக் ஆடினார். திறமைசாலிதான், ஆனால் அந்த அவசரம் யாருக்காக?

மில்வாக்கியைப் பாருங்கள், இரண்டு கட்சிக்காரர்களும். நம்மைவிடச் சின்ன ஊர். 2018 முதல் 2025 வரை எட்டில் ஏழு சீசன் பிளேஆஃப். இந்த வருஷம் 97 வெற்றி, லீக்கிலேயே அதிகம். அவர்கள் மொத்தமாகக் கலைக்கவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. ஹேடரை 2022-ல், பர்ன்ஸை 2024 தொடக்கத்தில், நல்ல விலையிருக்கும்போது விற்றார்கள். இடத்தை நிரப்பப் பையன் கீழே தயாராக இருந்தான். என்னைக் கேட்டால் வார்டு வியாபாரம் அந்த ஜாதி.

ஒன்பதாவது_இன்னிங்ஸ்

"பையன் கீழே தயாராக இருந்தான்" என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். நமக்கு இல்லாதது அந்தப் பையன்தான். அவனை உண்டாக்க ஒன்று பிக் வேண்டும், இல்லை டிரேட் வேண்டும். பிக் இல்லை என்று லாட்டரிக் கணக்கு சொல்லி நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். அப்புறம் விற்பதைத் தவிர என்ன வழி?

தென்சிகாகோ_திண்ணை

வித்து வாங்கின பையனை வளர்க்கத் தெரியணும், ஐயா. எங்களுக்கு மொன்காடா வந்தப்போ நாட்டிலேயே முதல் நம்பர் பிராஸ்பெக்ட்டு (வளர்ற பையன்)ன்னாங்க. நாத்து நல்ல நாத்துதான். வயல்தான் எங்க வயல்.

ஆரஞ்சுக்கவுண்டி_அண்ணாச்சி

சரி, எல்லாம் கணக்கு போட்டாச்சு. ட்ரவுட்டை என்ன செய்யப் போறீய? 2030 வரைக்கும் ஒப்பந்தம், 426.5 மில்லியன், அவரு சம்மதிக்காம எங்கயும் அனுப்ப முடியாது. மூணு தடவை எம்.வி.பி. (வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர்) விருது வாங்கின மனுஷன் வாழ்க்கையிலேயே ஆடினது ஒரே ஒரு பிளேஆஃப் தொடர், மூணு ஆட்டம், 12-க்கு ஒரு ஹிட். அவருக்கு 34 வயசு. "2029-ல பசங்க வருவாங்க, பொறுங்க"ன்னு அவரு மூஞ்சியைப் பார்த்து நீங்க சொல்லுங்க.

எங்க வீட்டுல இன்னொரு மூஞ்சி இருக்கு. மகளுக்குப் பத்து வயசு நடக்குது. அவ பிறந்த பிறகு இந்த டீம் ஒரு சீசன்கூட வெற்றி தோல்வியை மிஞ்ச முடிச்சதில்ல. ரீபில்டு முடிஞ்சு வர்றப்ப அவ ஹைஸ்கூல் போயிருப்பா. அவளுக்கு ஒரு செப்டம்பர் வேணும், அவ்வளவுதான். பட்டம்லாம் வேண்டாம். பள்ளிக்கூடத்துல பெருமையா தொப்பி போட்டுட்டுப் போற மாதிரி ஒரு செப்டம்பர்.

ஒன்பதாவது_இன்னிங்ஸ்

அண்ணாச்சி, இதுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் 78 வெற்றியிலும் அந்த செப்டம்பர் வராது என்பதுதான் என் பயம்.

ராலி_மங்கி_ரசிகை

ஒன்று கேட்கணும். நீங்கள் போன செப்டம்பரில் "இனி ஒவ்வொரு தோல்வியும் நல்லதுக்கே" என்று எழுதினீர்கள். டென்வரில் ட்ரவுட் 400-வது ஹோம் ரன் அடித்த ராத்திரி, இங்கே முதல் ஆளாக எழுத்துப்பிழையோடு கத்தியது யார்?

ஒன்பதாவது_இன்னிங்ஸ்

485 அடி பறந்தது. அது கணக்கில் சேராது.

கிரிக்கெட்காரன்_87

அண்ணாச்சி, ஏப்ரல்ல ஒரு ஆட்டத்துக்கு வரலாம்னு இருக்கேன். பக்கத்துல சீட் இருக்கா?

ஆரஞ்சுக்கவுண்டி_அண்ணாச்சி

இருக்கு தம்பி. எக்கச்சக்கமா இருக்கு.