இரண்டு பக்கம் குறைகிறது

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். நானும் நிலா அக்காவும் செய்த காமிக்ஸ் நாளை காலை அச்சுக்குப் போகிறது. அவசரமாக ஒரு யோசனை வேண்டும். உள்பக்கம் 30 வந்திருக்கிறது. தாள்களை மடித்து நடுவில் பின் அடிக்கும் சென்டர் பின் புத்தகம் என்பதால் 4-ஆல் வகுபட வேண்டும். இன்னும் 2 பக்கம் குறைகிறது. என்ன போடலாம்?

அப்பா: முதல் பக்கத்தில் தாத்தா படம். சமர்ப்பணம்.

அத்தை: ஆமாம். அப்பா இருந்திருந்தால் ஊரெல்லாம் காட்டியிருப்பார்.

பெரியப்பா: அவருடைய டிரங்குப் பெட்டி இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி அதில் இருந்தது. யார் எடைக்குப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

அத்தை: கேட்டுவிட்டீர்களே அண்ணா. லாரியில் இடமில்லை, குறைக்கச் சொல் என்றது யார்?

சித்தி: மறுபடியும் பெட்டியா

நிலா: சித்தப்பா, முன்னால் ஒரு பக்கம் மட்டும் சேர்க்க முடியாது. 18-ஆம் பக்கம் இடப்பக்கம். தாளைப் புரட்டினால்தான் கதவுக்குப் பின்னால் நிற்பது யார் என்று தெரியும். ஒரு பக்கம் தள்ளிப்போனால் அது வலப்பக்கம் வந்துவிடும். முந்தைய பக்கத்தைப் படிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். சேர்த்தால் இரண்டாகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கடைசியில்.

அப்பா: ஒரு படம்தானே அம்மா

கார்த்தி: அந்த ஒரு தாளைப் புரட்டுவதற்காகத்தான் முந்தைய 17 பக்கமும் அப்பா.

பெரியப்பா: கார்த்தி, 12-ஆம் பக்கம் பார்த்தேன். கப்பலில் வயர்லெஸ் அறையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். நாயகி ஒரே சங்கேதத் தாளை இரண்டாம் முறை எடுக்கிறாள். கூடாது. அந்தத் தாளுக்குப் பெயர் ஒன் டைம் பேட். அதில் இருப்பது எந்த ஒழுங்கும் இல்லாத எண்கள். செய்தியை எண்ணாக்கி, அதோடு இவற்றைக் கூட்டித்தான் அனுப்புவார்கள். செய்தி எவ்வளவு நீளமோ எண்களும் அவ்வளவு நீளம் இருக்க வேண்டும். அனுப்பியதும் எரித்துவிட வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் உடைக்கவே முடியாது என்று அமெரிக்கக் கணித அறிஞர் ஷானன் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில் கணக்குப் போட்டு நிரூபித்திருக்கிறார். அதே தாளில் இரண்டு செய்தி போனால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாலே தாளின் எண்கள் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது இரண்டு செய்திக்கும் உள்ள வித்தியாசம். அதை வைத்து வார்த்தை வார்த்தையாகப் பிடித்துவிடலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சோவியத்தில் சில தாள்களை இரட்டையாக அச்சடித்துவிட்டார்கள். அமெரிக்கர்கள் 1943-இல் தொடங்கிய வெனோனா திட்டத்தில் அந்தச் செய்திகளைப் படிக்க முடிந்தது அதனால்தான். 12-ஐ மாற்றிவிடு.

சித்தி: அண்ணா மூச்சு விடுங்கள்

கார்த்தி: பெரியப்பா, அதனால்தான் அவள் மாட்டிக்கொள்கிறாள்.

பெரியப்பா: எந்தப் பக்கத்தில்?

நிலா: 18

பெரியப்பா: அதுவரை இன்னும் போகவில்லை.

சித்தி: ஐயோ, முடிவைச் சொல்லிவிட்டீர்களே! புத்தகம் வந்ததும் படிக்கலாம் என்றிருந்தேன்.

நிலா: முடிவு இல்லை சித்தி. அதற்கு அப்புறமும் 12 பக்கம் இருக்கிறது.

பெரியப்பா: அப்படியானால் வாசகருக்குக் காரணம் விளங்க வேண்டும். முன்னால் இரண்டு பக்கம் நான் எழுதித் தருகிறேன்.

நிலா: முன்னால் வேண்டாம் அப்பா. அதைப் படித்தவர் 12-லேயே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவார்.

கார்த்தி: கடைசியில் நூர் இனாயத் கான் பற்றிப் போடலாமா? நம் நாயகிக்கு உயிர் கொடுத்தது அவர் வாழ்க்கைதான். 1943 ஜூனில் பிரான்சுக்குள் போனார். பிரிட்டனின் ரகசியப் போர் அமைப்பான எஸ்.ஓ.இ. அங்கே அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் ஆபரேட்டர். அனுப்பிய செய்திகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவரோடு சேர்ந்து அந்த நோட்டும் ஜெர்மானியரிடம் சிக்கியது. 1944 செப்டம்பரில் ஜெர்மனியின் தாகாவ் வதைமுகாமில் கொன்றுவிட்டார்கள். வயது 30. பிரிட்டனின் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தது 1949-இல்.

அத்தை: 30 வயதா

அத்தை: இதையே போடு. கட்டாயம் போடு.

அப்பா: அப்போது தாத்தா படம்?

சித்தி: அட்டையின் உள்பக்கம் சும்மாதானே இருக்கிறது?

நிலா: அங்கே அச்சடித்தால் செலவு கூடும். கேட்டுச் சொல்கிறேன்.

அத்தை: அட்டை என்றதும் ஞாபகம் வந்தது. கார்த்தி பெயர் ஏன் மேலே இருக்கிறது? ராப்பகலாக வரைந்தவள் நிலா.

பெரியப்பா: நானாகக் கேட்கக் கூடாது என்றிருந்தேன்.

கார்த்தி: அக்கா பெயர்தான் மேலே வர வேண்டும் என்று நானும் சொன்னேன் அத்தை.

நிலா: ஒரே வரி, ஒரே அளவு. போதும்.

அப்பா: ஒரே வரியிலும் ஒரு பெயர் முதலில் வருமே

சித்தி: எனக்கு மூன்று பிரதி எடுத்து வையுங்கள்

கார்த்தி: சரி சித்தி. எல்லோரும் இரவு 10-க்குள் சொல்லிவிடுங்கள். நூர் பக்கம் கிட்டத்தட்ட உறுதி. சங்கேத விளக்கம் கால் பக்கத்துக்குள் வந்தால் அதோடு சேர்க்கலாம் பெரியப்பா.

பெரியப்பா: கால் பக்கத்தில் எப்படி முடியும்? அரைப் பக்கமாவது வேண்டும். எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பெரியப்பா: 12-இல் தீக்குச்சியைக் கையில் எடுத்தவள் ஏன் தாளை எரிக்கவில்லை?

நிலா: 27 வரை படியுங்கள் அப்பா