டி.எல்.ஏ கிடையாதுன்னு லெட்டர் வந்திருக்கு, அப்பீல் எத்தனை நாளைக்குள்ள? (அவசரம்)

பாளைப் பொண்ணு
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில இருந்து வந்து பதிமூணு மாசம் ஆகுது. பையனுக்கு ஆட்டிசம். டி.எல்.ஏ, அதான் ஊனமுள்ள பிள்ளைகளுக்கு வர்ற உதவித்தொகை, போட்டிருந்தோம், கிடையாதுன்னு லெட்டர் வந்துட்டு. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி சர்டிபிகேட், நம்ம ஊர் யு.டி.ஐ.டி ஊன அடையாள கார்டு, 70 சதவீதம், எல்லாம் வச்சுத்தான் அனுப்பினோம். எதையும் மதிக்கல. உடனே அப்பீல் போடணும். வக்கீல் வைக்கணுமா? கையும் ஓடல காலும் ஓடல.

வள்ளியூரான்
பதறாதீங்க தங்கச்சி. லெட்டர் கிடைச்சதுல இருந்து 60 நாள் இருக்கு. தபாலுக்குன்னு 5 நாள் தனியா விடுவாங்க.

அம்பை அண்ணாச்சி
ஏ வள்ளியூரு, நீ சொல்லுதது அமெரிக்கா எஸ்.எஸ்.ஐ உதவித்தொகைக் கணக்குல்லா. டி.எல்.ஏன்னா பிரிட்டன். இங்க ஒரு மாசந்தான். அதுவும் லெட்டர்ல அச்சடிச்ச தேதியில இருந்து, வீட்டுக்கு வந்த தேதியில இருந்து இல்ல. எம்மா, லெட்டர்ல என்ன தேதி போட்டிருக்கு? ஸ்காட்லாந்துல இருக்கியளா இங்கிலாந்துலயா? பையனுக்கு என்ன வயசு? விசா என்ன? இது தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

குற்றாலச் சாரல்
வேலை விசான்னா அப்பீலை விட்டுருங்க. விசாவுல பப்ளிக் ஃபண்ட்ஸ், அதான் அரசாங்க உதவிப் பணம், கிடையாதுன்னு இருக்கும். டி.எல்.ஏ, பெரியவங்களுக்கான பிப் ரெண்டும் அந்தப் பட்டியல்ல உள்ளது. வாங்கினா நாளைக்கு விசா நீட்டிக்கும்போது வம்பு. பள்ளிக்கூட உதவியைப் பிடிங்க. இ.எச்.சி ப்ளான், அதான் பிள்ளைக்கு என்னென்ன உதவி வேணும்னு கவுன்சில் எழுதிக் குடுக்கிற திட்டம், பப்ளிக் ஃபண்ட்ஸ்ல சேராது. மதிப்பீடு கேட்டு கவுன்சிலுக்கு எழுதினா செய்வோமா மாட்டோமான்னு 6 வாரத்துல சொல்லணும், மொத்தமும் 20 வாரத்துல முடியணும்.

நெல்லை டவுன்
இங்க வந்து முதல் ஆறு மாசம் நாங்க பட்ட பாடு இருக்கே, ஹீட்டர் இல்லாத வீடு, ஜி.பி டாக்டர்...

அம்பை அண்ணாச்சி
சவத்த விடும் வே. அந்தப் பிள்ளை கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

பாளைப் பொண்ணு
மன்னிக்கணும், விவரம் சொல்லாம விட்டுட்டேன். இங்கிலாந்துதான். பையனுக்கு 9 வயசு. அவங்க அப்பா பிரிட்டிஷ் சிட்டிசன், பையனுக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். எனக்கு மட்டும் ஸ்பவுஸ் விசா. லெட்டர் தேதி 3, கைக்கு வந்தது 11. வந்து ஏழாவது மாசம் ஃபார்ம் போட்டோம். காரணம்னு ரெண்டாம் பக்கத்துல, அதே வயசுப் பிள்ளைகளை விட ரொம்ப அதிகமா கவனிப்பு தேவைப்படல, ஸ்கூல்ல நல்லா சமாளிக்கான்னு ரிப்போர்ட் இருக்குன்னு போட்டிருக்கு.

குற்றாலச் சாரல்
அப்போ நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிடுதேன். டி.எல்.ஏ பிள்ளையோட பணம். அப்பாவோ அம்மாவோ அவனுக்காக வாங்கி வைக்கிற ஆளுதான், உங்க விசா அதுல குறுக்க வராது. ஆனா நாளைக்கு டி.எல்.ஏ-ல நடு ரேட்டோ மேல் ரேட்டோ கிடைச்சதும், பாத்துக்கிடுத ஆளுக்கு வர்ற கேரர்ஸ் அலவன்ஸை உங்க பேர்ல போட்டுராதீங்க. அது உங்க பேர்ல வர்ற பப்ளிக் ஃபண்ட்ஸ். கேக்கறதா இருந்தா அவங்க அப்பா கேக்கட்டும், வாரம் 35 மணி நேரம் அவர் பாத்துக்கிடணும், சம்பள வரம்பும் உண்டு.

அம்பை அண்ணாச்சி
ஏழாவது மாசம் போட்டது நல்லதாப் போச்சு. மூணு வயசுக்கு மேல உள்ள பிள்ளைக்கு 12 மாசத்துல 6 மாசம் இங்க இருந்திருக்கணும். பதினாறு தாண்டி பிப்புன்னா 3 வருஷத்துல 2 வருஷம்.

சரி, முதல்ல அப்பீல் கிடையாது. மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன், அதான் முடிவைத் திரும்பப் பாருங்கன்னு இலாகாகிட்டயே கேக்கணும். சி.ஆர்.எம்.ஆர் 1 ஃபார்மும் இருக்கு, சாதா லெட்டரும் போதும். அடுத்த மாசம் 3ம் தேதிக்குள்ள போய்ச் சேரணும். சான்று கைக்கு வரலைன்னாலும் லெட்டரை அனுப்பிருங்க, 'சான்று பின்னால வருது, அதுவரை முடிவெடுக்க வேண்டாம்'னு அதுலயே எழுதுங்க. எந்தெந்த ரிப்போர்ட்டை வச்சு மறுத்தாங்களோ அதுக்கெல்லாம் காப்பி கேளுங்க. போஸ்ட் ஆபீஸ்ல அனுப்புன ரசீதை வாங்கி வைங்க, அதுக்குக் காசு கிடையாது.

வள்ளியூரான்
ரீகன்சிடரேஷன்ல ஒருத்தனும் மனசு மாற மாட்டான். நேரா அப்பீல் விசாரிக்கிற ட்ரிப்யூனல் போங்க.

குற்றாலச் சாரல்
நேரா போக வழியே இல்ல. அந்த ரீகன்சிடரேஷன் நோட்டீஸ் கையில இருந்தாத்தான் ட்ரிப்யூனல் எடுக்கும். அதுல இருந்து ஒரு மாசம், எஸ்.எஸ்.சி.எஸ் 1 ஃபார்ம் அல்லது ஆன்லைன். கட்டணம் இல்ல. இலாகா 28 நாளுக்குள்ள தன் பதிலையும் காகிதங்களையும் கட்டா அனுப்பணும், அதை முழுசா வாசிங்க. ஜட்ஜ், டாக்டர், ஊனம் பத்தி அறிஞ்ச ஒருத்தர், மூணு பேர் உக்காருவாங்க. காகித விசாரணைக்கு டிக் போடாதீங்க, நேர்ல கேக்கணும்னு போடுங்க. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு ஃபார்ம்லயே எழுதினா அவங்களே ஏற்பாடு பண்ணுவாங்க. வக்கீல் வேண்டாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ், கான்டாக்ட்னு ஆலோசனை சொல்லுத அமைப்பு ரெண்டும் இலவசம், செரிப்ராங்கற தொண்டு நிறுவனத்தோட டி.எல்.ஏ கைடும் பாருங்க.

ட்ரிப்யூனல்ல கிடைச்சதைக் குறைக்கவும் அதிகாரம் உண்டு. உங்களுக்கு இப்பப் பூஜ்யம், இழக்க ஒண்ணுமில்ல.

நெல்லை டவுன்
ஊர்ல வேற, 'அவங்க தாத்தாவும் ஆறு வயசுலதான் வாயத் திறந்தாரு, சாஸ்தா கோயிலுக்கு ஒரு நேர்ச்சை போடு'ம்பாவ. இங்க ஃபோன்ல முக்கா மணி நேரம் பாட்டுப் போடுதான். அங்கயும் நிம்மதி இல்ல இங்கயும் இல்ல.

வள்ளியூரான்
அது நெசந்தான். இன்னொண்ணு, நம்ம பேரு. பாஸ்போர்ட்ல அப்பா பேரு பின்னால, ஜி.பி-ல முன்னால, ஸ்கூல்ல வெறும் இனிஷியல். மூணு ரிப்போர்ட்டும் மூணு பிள்ளைன்னு நினைப்பான். 'மூணும் ஒரே பையன்'னு பேரையும் பிறந்த தேதியையும் போட்டு ஒரு வரி சேத்து எழுதுங்க.

அம்பை அண்ணாச்சி
நல்ல யோசனை. பெரிய ஓட்டை எங்கன்னா, 70 சதவீதம். அந்தக் கார்டு இங்க ஒரு மூலையில கிடக்கும். நோய்ப் பேருக்கோ சதவீதத்துக்கோ இவன் காசு குடுக்கதில்ல. இன்னொரு 9 வயசுப் பையனுக்கு வேண்டாத எது இவனுக்கு வேணும், எத்தனை தடவை, எத்தனை நிமிஷம், அதைத்தான் பாப்பான். 'குளிக்க உதவி வேணும்'னு எழுதாதிய. 'சோப்பு நுரை தலையில பட்டா அலறுவான், பேசிப் பேசித்தான் முடிக்கணும், 35 நிமிஷம், தினமும்'னு எழுதணும். ராத்திரிக்கு ரெண்டு வாரம் நோட்டு போடுங்க:

'1.10, விழிச்சான். படி இறங்கி வாசக் கதவுப் பூட்டை இழுத்தான். கூட உக்காந்து 1.50க்குத் தூங்க வச்சேன். 4.05, திரும்பவும்.'

ராத்திரியில ஒரே எழுப்பு 20 நிமிஷமோ அதுக்கு மேலயோ போனாலும் சரி, ரெண்டு தடவை எந்திரிச்சாலும் சரி, அது கணக்குல வரும். பகலோட சேந்தா மேல் ரேட்டு. 2025-26ல கவனிப்புக்கு வாரத்துக்கு கீழ் 29.20, நடு 73.90, மேல் 110.40 பவுண்டுன்னு மூணு படி இருந்துச்சு. அஞ்சு வயசுக்கு மேலங்கறதால புது இடத்துக்குத் தனியா விட முடியாததையும் எழுதுங்க, வெளிய போய் வர்றதுக்குன்னு தனியா உள்ள மொபிலிட்டி கீழ் ரேட்டுக்கு அது வேணும்.

ஸ்கூல் ரிப்போர்ட் உங்களைக் கவுத்திருக்கு. சென்கோகிட்ட, அதான் ஸ்கூல்ல சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான டீச்சர்கிட்ட, 'எப்படி இருக்கான்'னு கேட்டா 'நல்லா இருக்கான்'னுதான் வரும். 'சாப்பாட்டு ஹால்ல பக்கத்துல யார் இருக்காங்க? ஒரே சொல்லை எத்தனை தடவை சொல்லணும்? டாய்லெட்டுக்கு யார் கூடப் போறாங்க? காது மூடி எவ்வளவு நேரம் போட்டிருக்கான்?' இப்படி எண்ணிக்கை வாங்குங்க. முடிவு எடுத்த தேதியில அவன் எப்படி இருந்தான்னுதான் ட்ரிப்யூனல் பாக்கும், அதனால புது ரிப்போர்ட்டுலயும் 'அப்பவும் இப்படித்தான்'னு ஒரு வரி இருக்கணும்.

பாளைப் பொண்ணு
ரொம்ப நன்றி அண்ணாச்சி, சென்கோவுக்கு மெயில் போட்டுட்டேன். ஒண்ணு கேக்கணும். எங்க அத்தை இங்கதான் இருக்காங்க, ராத்திரி அவங்கதான் பாதி நேரம் முழிக்கிறது. காலண்டர்ல தமிழ்ல எழுதி வச்சிருக்காங்க, போன மாசம் பூராவும் இருக்கு. செல்லுமா?

அம்பை அண்ணாச்சி
நல்லாச் செல்லும். காலண்டர் தாளை ஃபோட்டோ காப்பி எடுங்க, மூலத்தைக் கையில வச்சுக்கிடுங்க. இங்கிலீஷ்ல வரிக்கு வரி எழுதி, மொழிபெயர்த்தது யாருன்னு பேரு, தேதி, கையெழுத்து. அத்தைகிட்டயும் கீழ ஒரு கையெழுத்து வாங்கிருங்க.