இருபது தாள்களுக்குப் பிறகு புள்ளிகள் மறைகின்றன: சுவரொட்டி அச்சில் உதவி தேவை

மதுரையில் எங்கள் கல்லூரி விடுதியின் குடிநீர்க் கோரிக்கைக்காக நாங்கள் கையால் ஸ்கிரீன் பிரிண்டிங் (சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியே மையை அழுத்தும் அச்சு) செய்யும் சுவரொட்டிகளில், முதல் பதினைந்து இருபது தாள்கள் தெளிவாக விழுந்த பின், எழுத்துகளின் புள்ளிகளும் மெல்லிய கோடுகளும் மறைந்துவிடுகின்றன. ‘தண்ணீர் எங்கே?’ என்பது ‘தணணீர எஙகே?’ என்றாகிவிடுவதால், பார்ப்பவர்கள் கோரிக்கையை விட்டுவிட்டு எங்கள் தமிழைக் கேலி செய்கிறார்கள்.

1968 மே மாதத்தில் பாரிஸின் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர்கள், கல்லச்சைவிட வேகமானது என்பதால் இம்முறைக்கு மாறினார்கள் என்று படித்தே இதில் இறங்கினோம். அவர்கள் மொழியில் இத்தனை புள்ளிகள் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.

சட்டம் 18க்கு 24 அங்குலம், மேஷ் (வலைத்துணியில் ஓர் அங்குலத்துக்கு உள்ள இழைகள்) 120, மை நீரில் கரையும் கறுப்பு. பத்து நாள்களாக மொட்டைமாடித் தகரக் கொட்டகையில், பிற்பகல் வெயிலில்தான் அச்சிட முடிகிறது. எமல்ஷன் (எழுத்தில்லாத இடங்களில் துளைகளை மூடும் பூச்சு) உரியவில்லை, ஸ்கிரீனை வெளிச்சத்தில் பிடித்தால், துளைகளில் மை காய்ந்து அடைத்திருப்பது தெரிகிறது. மின்விசிறியை நிறுத்தினோம், ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் ஸ்கிரீன் முழுவதும் மையைப் பரப்பி வைத்தோம். மை காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்த்தபோது எழுத்தின் ஓரங்கள் கசிந்தன. ஈரத்துணியால் துடைத்தால் ஐந்தாறு தாள்களுக்கு மட்டுமே தாங்குகிறது.

வரும் திங்கட்கிழமைக்குள் 200 தாள்கள் வேண்டும். கையிலுள்ள பணம் ஒரே ஒரு புதிய ஸ்கிரீனுக்குத்தான் போதும். இதே மையைக் கொண்டு, புள்ளிகள் அடைபடாமலும் எழுத்தின் ஓரம் சிதையாமலும் அச்சிட எந்த எண் மேஷ் வாங்க வேண்டும்?