அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார், சாப்பாட்டில் விஷம் என்கிறார்

கேள்வி:
அம்மாவுக்கு 46 வயது. மனச்சிதைவு நோய்க்கு ரிஸ்பெரிடோன் எடுத்து வந்தவர், மூன்று மாதம் முன்பு தானாகவே நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தார். இப்போது இரவெல்லாம் தூங்குவதில்லை, ஜன்னலைத் திறக்க விடுவதில்லை, நான் சமைத்தால் விஷம் என்று தள்ளிவிடுகிறார். ஆஸ்பத்திரி என்றாலே "எனக்கு என்ன நோய்?" என்று சண்டை. மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலக்கச் சொல்கிறார் மாமா. வீட்டில் 11 வயதுத் தம்பியும் இருக்கிறான்.

பதில் 1:
கலக்கவே கலக்காதீர்கள். விஷம் என்று ஏற்கெனவே சந்தேகப்படுபவர் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், அவர் சந்தேகம் உண்மையாகிவிடும். பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார். இன்னொன்று, இத்தனை நாள் இடைவெளிக்குப் பிறகு பழைய டோஸை அப்படியே கொடுத்தால் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிறுத்தியதும் நோய் உடனே திரும்புவதில்லை, வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் "குணமாகிவிட்டது" என்று பல குடும்பங்கள் நம்பிவிடுகின்றன.

நோயே இல்லை என்பது பிடிவாதம் அல்ல. தனக்கு நோய் இருப்பதை உணரும் திறனையே இந்த நோய் பறித்துவிடுகிறது. வாதாடினால் தோற்பது நீங்கள்தான்; அதற்காக "ஆமாம், விஷம்தான்" என்றும் சொல்லக் கூடாது. "உங்களுக்குப் பயமா இருக்கும்மா, தூக்கமும் இல்லை, பாவம். தூக்கத்துக்காவது டாக்டரைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். தூக்கமின்மை அவருக்கே தெரியும் தொல்லை, அதற்கு வருவார். சாப்பாட்டை அவரே சமைக்கட்டும், அல்லது உறை பிரிக்காத பொட்டலமாகக் கொடுங்கள்.

பதில் 2:
ஏன் நிறுத்தினார் என்று யாராவது கேட்டீர்களா? ரிஸ்பெரிடோனில் எடை கூடும், மாதவிடாய் நிற்கலாம், மார்பில் பால் சுரக்கலாம், கை நடுங்கலாம். ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரக்கும். இதை நோய் முற்றியதாக நினைத்து வீட்டார் டோஸைக் கூட்டச் சொல்வார்கள், பரபரப்பு இன்னும் ஏறும். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகும்.

ஒரே பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுங்கள்: நிறுத்திய தேதி, பழைய டோஸ், ஓர் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார், என்ன சொல்கிறார் (அவர் வார்த்தையிலேயே), வேறென்ன மாத்திரை எடுக்கிறார். அம்மாவைப் பற்றி உங்களிடம் பேச மருத்துவர் மறுக்கலாம், ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடை இல்லை. இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி பற்றியும் கேளுங்கள். தினசரி மாத்திரைச் சண்டை ஓயும். தவணை தவறினால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பதில் 3:
தம்பியைப் பற்றி யாரும் பேசவில்லையே. நோயின் பெயரைச் சொல்லியே அவனுக்கு விளக்குங்கள்: இது ஒரு நோய், உன்னால் வந்தது இல்லை, தொட்டால் ஒட்டாது, சரிசெய்வது உன் வேலை இல்லை. அம்மாவைக் கண்காணிக்கவோ மாத்திரை கொடுக்கவோ அவனை விடாதீர்கள். அம்மா கத்தினால் எந்த அறைக்கு, எந்த வீட்டுக்குப் போக வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று இன்றே சொல்லிவைங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்: சாகப் போகிறேன் என்பது, யாரையாவது தாக்கச் சொல்லிக் குரல் கேட்பது, தண்ணீரும் குடிக்காமல் இருப்பது. அன்றே அவசரப் பிரிவு. மிச்ச மாத்திரைகளையும் கத்திகளையும் இப்போதே அப்புறப்படுத்துங்கள். மருந்து தொடங்கிய பிறகு கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் சேர்ந்து வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மறுபடி தொடங்கினால் எவ்வளவு நாளில் தெரியும்?

பதில் 2:
தூக்கமும் படபடப்பும் சில நாளில் சீராகத் தொடங்கும். விஷம் என்ற சந்தேகம் கரைய நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம், முதல் வாரத்திலேயே மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். தெளிந்த பிறகு அம்மாவையே உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்: எந்த அறிகுறி முதலில் வரும், அப்போது யாரை அழைக்க வேண்டும், எந்த மருந்து வேண்டாம், தம்பி யாரிடம் இருக்க வேண்டும்.